டயஸ்போரா என்ற சொல்லுக்குள் ஒரு கை

இந்த நாட்டில் விதையை நாடாவில் ஒட்டி விற்கிறார்கள். மெல்லிய காகிதப் பட்டை, தையல் கடை நாடா மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். அதில் விரற்கடைக்கு ஒன்றாகக் கேரட் விதை ஒட்டியிருக்கும். மண்ணில் கோடு கிழித்து, நாடாவை நீளமாகப் படுக்க வைத்து, மேலே மண்ணைத் தள்ளித் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. கை ஒரு விதையைக்கூடத் தொட வேண்டாம். நெதர்லாந்துக்கு வந்த முதல் வசந்தத்தில் பக்கத்து வீட்டு ஹென்னி அம்மாள் இப்படி நாடா விரிப்பதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். என் அப்பா நெல் விதைப்பவர், இதைப் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பூர்!" என்றாள். இங்கே பூர் என்றால் விவசாயி. சொந்த நிலம், மாட்டுக் கொட்டகை, டிராக்டர் எல்லாம் உள்ள ஆள். எத்தனை ஹெக்டேர் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். என் டச்சில்தான் கோளாறு என்று நினைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டிக் காட்டினாள். பூஜ்யம் என்றேன். உடனே என் தோளைத் தொட்டு, "அடடா, நிலத்தை இழந்துவிட்டீர்களா" என்றாள். அடுத்த வாரம் தன் வீட்டுக்காரரிடமும் என்னை அப்படியே அறிமுகப்படுத்தினாள். இழப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமே என்று சொல்ல எனக்கு அன்றைக்கு டச்சு போதவில்லை. இன்றைக்குப் போதும், ஆனால் ஹென்னியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. சொல்ல வேண்டியது நம் ஆட்களிடம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தமிழ்ச்செல்வி. ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில். மேடைக்கு மேடை தமிழ் முழங்கிய காலத்தில், டீக்கடை ரேடியோவில் கேட்டதை மனதில் வைத்து அப்பா எனக்கு வைத்த பெயர் அது. அப்பா வேலை பார்த்த பண்ணை வீட்டில் ஒருவர் வாயிலும் அது நுழைந்ததில்லை. அங்கே நான் "பக்கிரி மவ" மட்டும்தான். பக்கிரிசாமி என்ற அப்பாவின் பெயரையும் அவர்கள் பாதியாக்கித்தான் வைத்திருந்தார்கள். அரசு விடுதியில் தங்கிப் படித்து, வேளாண்மைப் பட்டம் வாங்கி, இப்போது இங்கே ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எது முளைக்கும், எது முளைக்காது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். அப்பா எனக்கு எட்டு வயதாகும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்கு ஒரு புகைப்படம் கிடையாது. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை, சாவுக்கும் எடுக்கவில்லை. அவர் குரல் நினைவிருக்கிறது, மேலில் அடித்த சேற்று வாசம் நினைவிருக்கிறது, முகம் மட்டும் என்ன முயன்றாலும் வருவதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சென்ற மாதம் இங்கே எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் சுந்தர் கணினித் துறையில் பெரிய வேலையில் இருப்பவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பழகுகிறவர். அவரும் எங்கள் பக்கம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் அப்பா வேலை பார்த்த பண்ணையின் மிராசுதாருக்குப் பேரன். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் குரலில் ஏற்படும் மாற்றத்தை நான் நிறையப் பார்த்தாயிற்று.

சுந்தர் அன்று டயஸ்போரா என்ற சொல்லைப் பற்றிப் பேசினார். புலம்பெயர்ந்தவர்களை ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்கிறார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்தது, 'டியா' என்றால் ஊடாக, எங்கும். 'ஸ்பெய்ரெயின்' என்றால் விதைப்பது. ஆக, விதையை எங்கும் தூவுவது என்று பொருள் என்று திரையில் போட்டுக் காட்டினார். அதுவரைக்கும் சரிதான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாமெல்லாம் காத்து கொண்டுபோன விதைங்க. எங்க விழுந்தாலும் முளைப்போம்" என்றார். கைதட்டல் அரங்கத்தைத் தூக்கியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்று எங்கே ஐயா வந்தது அந்தச் சொல்லில்? ஸ்பெய்ரெயின் ஒரு வேலையின் பெயர். ஒருவன் கூடையைப் பிடித்து நடந்து, அளவாக அள்ளி, அளவாக வீசுகிற வேலை. காளான் வித்துக்கு ஸ்போர் என்கிறோமே, அங்கங்கே தென்படுகிற பயிர் நோயைப் பற்றி எங்கள் கூடத்து அறிக்கையில் ஸ்போராடிக் என்று எழுதுகிறோமே, அவையும் அந்த வேரில் பிறந்தவைதான். டயஸ்போரா என்ற சொல் முதன்முதலில் எழுத்தில் வந்ததே ஒரு பழைய சமய நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பில், சாபமாக என்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் நீ சிதறடிக்கப்படுவாய் என்று. கைதட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. டச்சுக்காரர்களிடம் விதைத்தலிலிருந்து பிறந்த ஒரு சொல் இருக்கிறது, அவுட்ஸாயிங். புற்றுநோய் உடம்பில் பரவினால் மருத்துவர் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டவர்கள் யாரும் நம்மை விதை என்று கூப்பிட்டால் புல்லரித்துப்போக மாட்டார்கள். அந்த அரங்கில் இருந்த எங்களை எந்தக் காற்று தூக்கிக்கொண்டு வந்தது? சான்றிதழை உறையில் போட்டு, விசா வாங்கி, பெட்டியை எடை போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தானே எல்லோரும். வீட்டையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்ள ஓடிவந்த மக்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள் சொல்லை நாம் எடுத்து மாலையாகப் போட்டுக்கொள்வது எனக்குச் சகிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு கேசரியைத் தின்றுவிட்டு வந்திருப்பேன். சுந்தர் அடுத்த படத்தைப் போட்டார். "இது எங்க தாத்தா. எழுபதுகள்ல எடுத்தது. வேலி வேலியா நிலம் இருந்தும் தன் கையாலேயே விதைச்சவர். அதனால எனக்கு டயஸ்போராங்கிற வார்த்தையே எங்க குடும்ப வார்த்தை மாதிரி" என்றார். கறுப்பு வெள்ளைப் படம். குறுவை நாற்றங்கால். மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது கையை முஷ்டியாக்கி வீசுகிற தோரணையில் நிற்கிறார். படத்தின் இடது ஓரத்தில், தோளுக்குக் கீழே தொடங்கி, ஒரு கை மட்டும் விதைக்கூடையை ஏந்தி நீள்கிறது. அந்தக் கைக்குரிய ஆள் படத்தில் இல்லை.

முதலில் என் கண்ணில் பட்டது மிராசுதாரின் கால்தான். மனிதர் பாத்தியின் மேல் நின்றுகொண்டிருந்தார். சேற்றைப் பலகை போட்டுச் சமன் செய்து, மேலே மெல்லிசாகத் தண்ணீர் நிறுத்தி, முளை கட்டிய விதையை வீசுவார்கள். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் கால் வைக்க ஒரு தடம் விட்டிருக்கும். விதைக்கிறவன் அந்தத் தடத்தில்தான் நடப்பான். பாத்தியில் ஏறினால் கால் குழியில் தண்ணீர் தேங்கி விதை அழுகிவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் விதைத்தவனுக்குக்கூட இது தெரியும். முளை விதையை முஷ்டி போட்டுப் பிடித்தால் முளை ஒடிந்துவிடும் என்பதும் தெரியும். அந்த ஒற்றைக் கையின் கீழே ஓரமாகத் தெரிந்த பாதம் சரியாகத் தடத்தில் இருந்தது. எங்கள் தாத்தா விவசாயி, எங்கள் ரத்தத்தில் காவிரி ஓடுகிறது என்று முழங்குகிறவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நான் எழுந்து, "அவரு பாத்தி மேல நிக்கிறாருங்க. விதைக்கிறவங்க அப்படி நிக்க மாட்டாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "அக்கா சீட் லேப்ல இருக்காங்க, டெக்னிக்கலா பாக்குறாங்க" என்றார் சுந்தர். அதற்கும் கைதட்டினார்கள்.

உட்காரப் போனவள் மறுபடி திரையைப் பார்த்தேன். கூடையைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் உள்பக்கமாகக் கோணி, மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. முகம்தான் எனக்கு நினைவில்லை என்றேன். அந்த விரல் நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் வரப்பில் நடந்தேன். கதவிடுக்கில் மாட்டியது என்று அப்பா எங்களிடம் சொல்லிவைத்திருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி பிடித்ததற்காகப் பண்ணைக் காரியக்காரர் தடியால் அடித்து ஒடித்தது என்று அவர் போன பிறகு அம்மா சொன்னாள்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சுந்தரிடம் போனேன். "அந்தப் படத்துல கூடை புடிச்சிருக்கறது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரோ பண்ணையாள்க்கா. ஏன்?"

"எங்கப்பா."

அவர் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்த மாற்றம் குரலில் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முழுப் படம் வேண்டும் என்று கேட்டேன். சட்டம் போட்ட படம் சென்னை வீட்டில் இருக்கிறது, திரைக்காகத் தம்பி போனில் எடுத்து அனுப்பியது, ஓரம் சட்டத்துக்குள் மறைந்திருக்கலாம், பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். "கண்டிப்பா அனுப்புறேன்க்கா" என்று இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. ஊருக்கு அழைத்தேன். அம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். படத்தில் அப்பாவின் கை இருக்கிறது என்று சொன்னேன். உடனே கேட்டாள், "மூஞ்சி தெரியுதாடி?" இல்லை, முழுப் படம் கேட்டிருக்கிறேன் என்றேன். "அது எனக்குத் தெரிஞ்ச போட்டோதான்" என்று ஆரம்பித்தாள். ஐம்பது வருஷமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த கதை அது.

அப்போது பயிரிடுகிறவன் பெயரைத் தாலுகா கணக்கில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனை லேசில் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. அப்பா பண்ணை வேலையோடு, மிராசுதாரின் மூன்று மா நிலத்தை வாரத்துக்கும், அதாவது விளைச்சலில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டில், பயிர் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். கொடி பிடித்தவர்கள் மனு எழுதிக் கொடுக்க, அப்பா ரேகை வைத்துக் கொடுத்தார். கிழக்கே கூலி உயர்வு கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்தி நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் மனுக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்கு இப்போது புரிகிறது.

"நாத்தங்கா விடுற அன்னைக்கு நீடாமங்கலத்துலேர்ந்து போட்டோ புடிக்கிறவரக் கூட்டியாந்தாங்க. வீட்டுக் கூடத்துல மாட்டுறதுக்குன்னு சொன்னாங்க. உங்கப்பாவக் கூடையப் புடிச்சுக்கிட்டு நில்லுன்னாங்க. ஆண்டே பாத்தியில ஏறாதீங்கன்னு இவரு சொல்லியிருக்காரு. வாய மூடுறான்னுட்டாங்க. அவங்க போனப்புறம் இவருதான் மறுபடி பலகை போட்டுச் சமம் பண்ணி வெதச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. விசாரணைக்குப் போனா, மேசையில அந்தப் போட்டோ கெடக்காம். ஆண்டையே எறங்கிச் சொந்தச் சாகுபடி பண்றாருன்னு அதான் சாட்சி. அதுல உங்கப்பா இல்லியாம். ஊட்டுக்கு வந்து, என்னைய எடுத்துட்டாங்கடின்னாரு. அதுக்குமேல அதப்பத்திப் பேசவே இல்ல. அடுத்த போகத்துக்கு நெலமும் போச்சு." பிறகு, "ஊட்டுல மாட்டுனது முழுசா இருக்குமோ என்னமோ. கேட்டு வாங்கு. ஒருக்காப் பாத்துட்டாப் போதும்" என்றாள்.

என் அப்பாவின் மனுவைத் தோற்கடித்த சாட்சிக்கு என் அப்பாவே கூடை பிடித்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. முளைப்புத் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணியதையே எண்ணிக்கொண்டிருந்தேன். சுந்தர் மேல் கோபம், அவர் தாத்தா மேல் கோபம், கைதட்டியவர்கள் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சொல் மேல் கோபம். பிறகு யோசித்தபோது, சொல் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தோன்றியது. கிரேக்கன் எவனோ, விதைக்கிறவனைப் பார்த்துத்தான் அதைச் செய்திருக்கிறான். சொல்லுக்குள் அந்தக் கை பத்திரமாக இருக்கிறது. அதைக் கத்தரித்துவிட்டுக் காற்றை ஒட்டவைத்தது நாம்தான். காற்று கொண்டுவந்தது என்றால் யாருக்கும் பொறுப்பில்லை பாருங்கள். யார் விதைத்தார்கள், யார் பெயரில் எழுதினார்கள், யாருக்கு வெளியே போக நேர்ந்தது, யார் விற்றுக் காசாக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கேள்வியும் வராது.

பத்து நாள் கழித்துச் சுந்தரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, எங்க அம்மாகிட்ட சொல்லி பிரேமைப் பிரிச்சுப் பாத்தாச்சு. ஒரிஜினலே அந்த அளவுதான்க்கா. ஓரம் கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி கோணலா இருக்கு. பின்னாடி ஏதோ தாலுகா ஆபீஸ் நம்பர் எழுதியிருக்கு. எனக்கு நெஜமாவே தெரியாதுக்கா, மன்னிச்சுக்குங்க. ஆனா உங்களுக்காக ஒண்ணு பண்ணியிருக்கேன், பாருங்க." கீழே ஒரு படம் வந்திருந்தது. இல்லாததை இட்டு நிரப்பித் தருகிற கணினிச் செயலி இப்போது வந்திருக்கிறதே, அதில் அந்தப் படத்தைக் கொடுத்து முழுதாக்கியிருந்தார். கைக்குத் தோள் வந்திருந்தது. தோளுக்கு மேல் கழுத்து, முகம், முண்டாசு, மீசை. மிராசுதாரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு ஓர் ஆள்.

அரை நிமிஷம் நான் அதை அப்பா என்று நம்பினேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷப் பசி அப்படி. இல்லை என்று சொல்வதற்கு எனக்குள் ஒரு முகம் இருந்தால்தானே சொல்ல முடியும். சுந்தர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாத்தா வெட்டியதைப் பேரன் ஒட்டிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருப்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு அனுப்பினேன். உண்மையைச் சொல்லாமல், பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

என் தம்பி மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இது?" என்றாள்.

"நீயே சொல்லும்மா."

"இது யாரோ. ஆண்டை பக்கத்துல நின்னுக்கிட்டு அவரு எப்படிச் சிரிப்பாரு?" போனை இன்னும் அருகில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். "கையும் அவருது இல்ல. வெரலு நேரா இருக்கு."

திரும்பப் பார்த்தேன். ஆமாம். செயலி விரலை நிமிர்த்திவிட்டிருந்தது. கோணல் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறது. தடி பட்ட அடையாளமும் போய்விட்டது. வெட்டிய பழைய படத்தையே அனுப்பினேன். அம்மா அதைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் போன் திரையை ஒரு தரம் துடைத்தாள், மறுபடி பார்த்தாள். "இதான்" என்றாள்.

சுந்தருக்கு நான் எழுதிய பதில் நீளமானது. அவர் செயலியில் செய்து அனுப்பிய படத்தை அழித்துவிட்டேன் என்பதும், அடுத்த விழாவில் அந்தப் பழைய படத்தைப் போட்டால் விதைத்தவர் பக்கிரிசாமி என்று போட வேண்டும் என்பதும் அதில் இருந்தன. பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.

பழைய படத்தை இங்கே கடைத்தெருவில் கொடுத்துப் பெரிதாக அச்சுப்போட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, கத்தரிக்கோலை எடுத்து, மிராசுதாரை வெட்டி எடுத்தேன். கோணலாகத்தான் வந்தது. மிச்சம் ஒரு கை, ஒரு கூடை, ஒரு பாதம், பாதத்துக்குக் கீழே மூன்று விரற்கடை அகலத்துக்குச் சேறு. இரண்டு பக்கமும் கத்தரிக்கோல் பட்ட அந்தத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஊரில் அந்த மூன்று மா இப்போது யார் பெயரில் பட்டாவாக இருக்கிறது என்று தெரியாது. எங்களுக்கு வந்து சேர்ந்த நிலம் இந்த மூன்று விரற்கடைதான், அதுவும் நெதர்லாந்தில், வாடகை வீட்டுச் சுவரில் இருக்கிறது.